கல்லில் எழும் கதிரவன்

தைப்பொங்கலன்று வாசலில் பொங்கல் வைத்துக் கதிரவனுக்கு நன்றி கூறுவது தமிழர் மரபு. வானில் தெரியும் கதிரவனையே வணங்கும்போது அவனுக்குச் சிலை எதற்கு என்ற கேள்வி எழலாம். கதிரவனை நெடுநேரம் உற்றுநோக்க எவராலும் இயலாது. எனவேதான், கண் கூசும் அவ்வொளிக்குச் சிற்பிகள் கல்லில் உருவம் கொடுக்க முயன்றனர் எனலாம்.

பண்டைய கிரேக்கர்கள் கதிரவனை ஹீலியோஸ் என்று அழைத்தனர். நான்கு குதிரைகள் பூட்டிய தேரில் அவன் நாள்தோறும் வானைக் கடப்பதாக நம்பினர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் கட்டப்பட்ட பார்த்தெனோன் கோயிலின் கிழக்கு முகப்பில், கூரையின் கீழ் முக்கோணப் பகுதி ஒன்று உண்டு. அதன் மூலைகளில் முழு உருவத்தை நிறுத்த இடமில்லை. சிற்பிகள் அந்தக் குறையையே நிறையாக்கினர். இடக்கோடியில் கதிரவனும் அவனுடைய குதிரைகளும் கடலிலிருந்து மேலெழுகின்றனர்; உடலின் மேற்பகுதி மட்டுமே தெரிகிறது. வலக்கோடியில் நிலவுத் தெய்வத்தின் குதிரை களைத்துக் கீழிறங்குகிறது. இவ்வாறு இரு மூலைகளும் சேர்ந்து விடியற்பொழுதைக் காட்டுகின்றன.

இந்தியச் சிற்பங்களிலும் கதிரவன் தேரில் வருகிறான். புத்தகயாவின் பழைய கல்வேலியில் அவனது தேருக்கு நான்கு குதிரைகளே உள்ளன. பிற்காலத்தில் ஏழு குதிரைகள் என்பது வழக்காயிற்று. ஒடிசா மாநிலத்தின் கோனார்க்கில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயிலோ, 24 சக்கரங்களும் ஏழு குதிரைகளும் கொண்ட மாபெரும் தேராகவே அமைந்துள்ளது.

வடக்கிற்கும் தெற்கிற்கும் வேறுபாடு உண்டு. வட இந்தியச் சிலைகள் பலவற்றில் கதிரவன் முழங்கால்வரை காலணி அணிந்திருப்பான். குளிர்நிலங்களிலிருந்து வடமேற்கு வழியாக வந்த மக்களின் உடைச் சாயல் இது என்பர் ஆய்வாளர். தென்னிந்தியச் சிலைகளில் அவன் வெறுங்காலுடன் நின்று, தோள் உயரத்தில் இரு தாமரைகளை ஏந்துவான். கதிரவனைக் கண்டு மலரும் பூ தாமரை அன்றோ!

கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சூரியனார் கோயில், முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் கட்டப்பட்டது. கடல் கடந்து வந்த தமிழர்கள் இம்மரபை மலேசியாவிற்கும் கொணர்ந்தனர். பினாங்கு உள்ளிட்ட மாநிலங்களின் கோயில்களில் நவக்கிரகச் சந்நிதிகளைக் காணலாம். அங்கு நடுவில் நிற்பவன் பெரும்பாலும் கதிரவனே. சுங்கை பாக்காப் மாணவர் ஒருவர் அச்சிலையின் கைகளையும் கால்களையும் கூர்ந்து நோக்கினால், பல நூற்றாண்டு வரலாற்றை அதில் படிக்கலாம்.