ஹெர்னியா வலையும் அறுவையாளரின் கைப்பழக்கமும்

வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தில், கவட்டின் வழியாகக் குடலோ கொழுப்போ துருத்திக்கொண்டு வெளிவருவது கவட்டைக் குடலிறக்கம். பேச்சு வழக்கில் ஹெர்னியா. ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடிய இக்கோளாறு மருந்தால் தீராது. அறுவை ஒன்றே அதைச் சரிசெய்யும். அமெரிக்காவின் லிக்டன்ஸ்டைன் குழுவினர் 1989இல் விவரித்த திறந்தமுறையில், கவட்டைக் கீறி, தசையின் முன்புறத்தில் பாலிப்ரொப்பிலீன் வலை பொருத்தப்படுகிறது. 1990களில் பரவிய நுண்துளை முறையிலோ, சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்தப்பட்டு, தசைக்கும் வயிற்றறையின் உள்ளுறையான பெரிட்டோனியத்துக்கும் இடையே வலை விரிக்கப்படுகிறது. உள்ளழுத்தமே வலையைத் தசையோடு சேர்த்து அணைத்துக்கொள்வதால், கோட்பாட்டளவில் இதுவே வலுவான ஏற்பாடு.

நடைமுறையில் அது அப்படியே பலிக்கவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 14இல் ஆண்களிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் ஹெர்னியா மீண்டும் வந்தோர் நுண்துளை முறையில் 10.1 விழுக்காடாகவும் திறந்தமுறையில் 4.9 விழுக்காடாகவும் இருந்தனர். நுண்துளை முறையில் தொடக்க வலி குறைவாக இருந்ததும், அன்றாட வேலைகளுக்கு ஒரு நாள் முன்னதாகத் திரும்ப முடிந்ததும் உண்மையே. ஆயினும் இருமடங்கு மறுவரவுக்கு அந்த ஒரு நாள் ஈடாகாது.

இச்சராசரியை முறையின் மீதான தீர்ப்பாகக் கொள்வதும் பொருந்தாது. அவ்வாய்விலேயே, 250க்கும் மேற்பட்ட நுண்துளை அறுவைகளைச் செய்திருந்தோரிடம் மறுவரவு மற்றவர்களிடம் இருந்ததில் ஏறத்தாழ பாதியே. வலை சிறிதாக இருந்தாலோ அதன் கீழ்விளிம்பு சுருண்டுகொண்டாலோ குடல் அதன் அடியிலேயே மீண்டும் நழுவும். தொடைக்குச் செல்லும் பெருநாளங்களும் விந்துக்குழாயும் நெருங்கிக் கிடக்கும் அக்குறுகிய வெளியில், 10க்கு 15 செ.மீ. வலையைச் சுருக்கமின்றிப் படியவைக்கும் திறன் பல பத்து அறுவைகளுக்குப் பின்னரே கைவருகிறது.

மறுவரவைவிட நோயாளியை அதிகம் வாட்டுவது, மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்கும் நாட்பட்ட வலி. அது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏற்படுகிறது. முன்புறக் கீறலில் கவட்டு நரம்புகள் காயமுறவோ வலையில் சிக்கவோ வாய்ப்புண்டு. பின்புறத்தில் இயங்கும் நுண்துளை முறையில் அவ்வாய்ப்பு குறைவு என்பதால், தேர்ந்த கை கிடைக்குமிடத்தில் அதற்கு முன்னுரிமை தருமாறு 2018இன் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. பெண்களுக்கும் அதுவே பரிந்துரைக்கப்படுகிறது. அவர்களிடம் கூடுதலாகக் காணப்படும் தொடைக் குடலிறக்கம் முன்புறக் கீறலில் கண்ணுக்குத் தப்பிவிடலாம், உள்ளிருந்து நோக்கும் கேமராவுக்கோ இரு வாய்களும் ஒருங்கே தெரியும்.