பால் பல்லும் பெற்றோர் பொறுப்பும்

சங்கக் கணக்கைப் பார்வையிடுவதற்காகப் பந்தலூர்ப் பகுதியில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கூடையை இறக்கி வைத்த தாயார் ஒருவர், அழுத குழந்தைக்குச் சர்க்கரை மிகுந்த தேநீரில் பிஸ்கோத்தைத் தோய்த்து ஊட்டினார். "வீடு போய்ச் சேர நேரமாகும் ஐயா, அதுவரை பசி தாங்கட்டும்" என்றார். அன்பிலும் நியாயத்திலும் குறைவில்லை. ஆயினும், குழந்தை சிரித்தபோது முன்பற்கள் கறுத்துக் கரைந்திருந்தன.

தேயிலை நமக்குச் சோறிடும் பயிர். அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பல்லைக் கெடுப்பது சர்க்கரை. அதிலும் வேளை தவறி அடிக்கடி கொடுக்கும் சர்க்கரை. வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கின்றது. உமிழ்நீர் அவ்விழப்பை மெல்ல ஈடுசெய்யும். நாள் முழுதும் தின்றால் ஈடுசெய்ய நேரமேது? வரவின்றி எடுத்துக்கொண்டேயிருக்கும் சேமிப்புக் கணக்கின் கதிதான் பல்லுக்கும். சுவீடன் நாட்டின் வீப்பெஹோல்ம் மனநல விடுதியில், இன்று எவரும் ஒப்பாத முறையில் நடத்தப்பெற்று 1954இல் வெளியான ஆராய்ச்சி, உணவுகளுக்கு இடையே தின்னும் ஒட்டும் இனிப்பே பெருங்கேடு என்பதைக் காட்டிற்று.

"விழுந்து முளைக்கும் பல்தானே" என்பார் உளர். பால் பற்கள் 20. அவை பின்வரும் பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. மேலும், சுமார் 6 வயதில் எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கின்றது. அதனையும் பால் பல்லென்றெண்ணி ஏமாறுவோர் பலர். அது போனால் வேறு முளையாது.

தமிழகப் பள்ளிகளில் 1982 முதல் சத்துணவும், 2022 முதல் தொடக்கப்பள்ளிக் குழந்தைகட்குக் காலையுணவும் வந்தன. ஆனால் நாவின் பழக்கம் பள்ளிக்கு முன்பே, வீட்டில் அமைந்துவிடுகிறது. தந்தை மூன்று கரண்டிச் சர்க்கரையிட்டுப் பருகினால் பிள்ளையும் அதையே கேட்கும். தறியடியில் வளரும் குழந்தைக்கும் இதுவே விதி.

செய்யத்தக்கவை எளியனவே. சிறு குழந்தைக்குத் தேநீர் வேண்டா; உணவோடு பருகும் தேநீர் இரும்புச்சத்து உடலிற் சேர்வதையும் குறைக்கும். வேலைக்குச் செல்கையில் வேகவைத்த கிழங்கோ வாழைப்பழமோ, கொதித்தாறிய நீரோ கொண்டுசெல்க. பழகிய சர்க்கரையை வாரந்தோறும் சிறிது குறைத்தால் நா இணங்கிவிடும். காலையிலும் உறங்குமுன்னும் புளோரைடு கலந்த பற்பசையால் பெற்றோரே துலக்கிவிடுதல் நலம். மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு போதும். கரித்தூளும் சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும்.

தனியொரு தாயாரிடம் பொறுப்பைச் சுமத்துதல் கூட்டுறவாகாது. கொழுந்து நிறுக்குமிடத்தில் சங்கமே நல்ல குடிநீர் வைக்கலாம். மகாசபைக் கூட்டத்திற்கு வரும் பிள்ளைகட்கு மிட்டாய்க்குப் பதில் சுண்டல் வழங்கலாம். செலவு ஏறாது. இன்றிரவு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் குழந்தையின் வாயைத் திறந்து, கடைவாய்ப்பல்லை ஒருமுறை பார்ப்பாராக.