யார் ஏற்றிய வேகம்?

லிங்கி ஆறு நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லை வகுத்தபடி கடலை நாடிச் செல்லும் பக்கத்தில், பால்மரம் நின்ற நிலமெல்லாம் செம்பனைக்கு மாறிவிட்ட ஒரு தோட்டத்தின் லயத்து வீட்டில், 2021ஆம் ஆண்டில், தொற்றுநோயின் நிமித்தம் பள்ளிகள் அடைபட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படிக்க நேர்ந்த அந்தச் சங்கடமான காலத்தில், என் அக்காள் தான் கட்டிவந்த கூட்டுப் பணத்தை எடுத்து மகனுக்கு ஒரு மேசைக் கணினி வாங்கிக்கொடுத்தாள். கடைக்காரத் தவுக்கே ரசீதில் ‘ஐ5-10600கே, 5.1 கிகாஹெர்ட்ஸ்’ என்று தம் கைப்படவே எழுதித் தந்திருந்தார். அந்த எண்ணை அப்போது வீட்டில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

கணினி காலையில் நன்றாக ஓடும். நண்பகல் கழிந்து, தகரக் கூரை காய்ந்து, அறைக்குள் வியர்வை வழியும் வேளையில் திரை சட்டென்று நீலமாகி, நாலு வரி ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு அணைந்து, மறுபடி தானே உயிர்பெறும். “மாமா, ராத்திரியெல்லாம் ஒழுங்கா ஓடுது, மத்தியானம் ஆனாத்தான் சாமி வந்த மாதிரி ஆடுது” என்றான் பையன். வைரஸ் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தோட்டத்து மின்சாரம் சரியில்லை என்றார் மற்றொருவர். இதற்கிடையில் மூன்று வாரம் உழைத்து எழுதிய பாட ஒப்படைப்பு ஒன்றைப் பையன் திறக்கப் போனபோது, கோப்பு சிதைந்துவிட்டது என்று கணினி கைவிரித்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான்; ஏனெனில் அணைந்துபோகும் கணினியைவிட, அணையாமலே தப்புக் கணக்குப் போடும் கணினி பன்மடங்கு அபாயகரமானது.

ரசீதிலிருந்த எண்ணுக்கு வருவோம். கணினியை இயக்கும் சில்லுக்கு இன்ன வேகம் என்று உற்பத்தியாளர் குறிப்பது, கணக்குத் தவறாமல் ஆண்டுக்கணக்கில் அது உழைக்கும் என்று பரீட்சித்து அவர்கள் உறுதி கூறும் எல்லையாகும். அந்த எல்லைக்கு மேலும் கொஞ்சம் இடம் மிச்சமிருப்பதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1998இல் 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்பனைக்கு வந்த செலரான் 300ஏ என்ற மலிவான சில்லைப் பலர் 450இல் ஓட்டி மகிழ்ந்தார்கள். இதைத்தான் ஓவர்கிளாக் என்கிறார்கள். ஆனால் அந்த மிச்ச இடம் சில்லுக்குச் சில்லு வேறுபடுவது. யாரும் அதற்கு ஜவாப்தாரியல்ல. வேகத்தை ஏற்றினால் மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டிவரும். மின்னழுத்தம் ஏறினால் மின்செலவும் உஷ்ணமும் அதன் வர்க்கத்தையொட்டிப் பெருகும். உஷ்ணம் பெருகினால் அதே வேகத்தைத் தாங்க இன்னும் அழுத்தம் வேண்டும். கடனை அடைக்கக் கடன் வாங்கும் குடும்பத்தின் கதைதான். கடையின் குளிர்சாதன அறையில் தேறிய ஏற்பாடு லயத்து வீட்டின் மத்தியானத்தில் தோற்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நான் போய் முதலில் செய்தது, மிச்சமிருந்த கோப்புகளையெல்லாம் வேறொரு வட்டில் பிரதி எடுத்தது. அடுத்து, பயாஸ் என்னும் ஆதார அமைப்புக்குள் சென்று, ஒன்றையும் தொடாமல், ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியால் படம் பிடித்தேன். பழுது பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அவசரத்தில் விட்டுவிடும் காரியம் இது. விட்டுவிட்டால் பின்னால் சாட்சி சொல்ல ஒன்றுமிராது. சில்லின் பெருக்கெண் 51, அதாவது 5.1 கிகாஹெர்ட்ஸ், மின்னழுத்தம் 1.38 வோல்ட் என்று கையால் நிறுத்தப்பட்டிருந்தது; அந்தச் சில்லுக்கு அதைத் தயாரித்த இன்டெல் அங்கீகரித்த ரேம் வேகம் 2666 ஆக இருக்க, இங்கே 3600 என்றிருந்தது. பெட்டியில் அச்சிட்டபடி அதன் உச்ச வேகமே 4.8தான், ஆறு கருக்களும் சேர்ந்து உழைக்கும்போது 4.5. ரசீதில் கண்ட 5.1 சில்லோடு பிறந்ததன்று, கடையில் ஏற்றப்பட்டது என்பது அங்கேயே நிரூபணமாயிற்று.

விசிறியில் பஞ்சுபோல் அப்பியிருந்த தூசியைத் தூரிகையால் துடைத்தபின், எல்லா அமைப்புகளையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பினோம். சில சமயம் ஏற்றிய வேகத்தால் திரையே வராமல் போகும். அப்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றி வைத்தால் பயாஸ் தன் பழைய நினைவை மறக்கும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது; கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் உயிரை வாங்கும் மின்சாரம் தேங்கி நிற்கும். அன்றிரவு மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென்டிரைவிலிருந்து விடிய விடிய ஓடவிட்டோம். இதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தேர்வில் தோல்விதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. பிழை வரவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் பிரைம்95 என்ற கடுஞ்சோதனையை வேண்டுமென்றே நடத்தினோம். இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றது.

இனி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பதுதான் முறை. இரண்டை ஒருசேர மாற்றுகிறவன் எது குற்றவாளி என்பதை ஒருநாளும் அறியமாட்டான். ரேமை மட்டும் 3600க்கு உயர்த்தினோம். இரவு முழுதும் தாங்கிற்று. பிறகு ரேமை இறக்கி, சில்லை மட்டும் 51க்கு உயர்த்தினோம். பதினோராவது நிமிஷத்தில் சோதனையின் ஓர் இழை கணக்கில் பிழை கண்டு நின்றுவிட்டது. வெப்பமானி 98 பாகை காட்டியது, 100ஐ எட்டினால் அந்தச் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பையன் ஒவ்வொன்றையும் தேதியும் மணியும் இட்டு ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வந்தான்.

ஆரம்ப நிலையிலேயே தடுமாறினால் வழக்கு வேறு. அப்போது உறுப்பே பழுது, அல்லது தயாரிப்பாளர் வைத்த அளவே பிசகு. 2024இல் உலகமே அதைப் பார்த்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள், யாரும் வேகமேற்றாதபோதும் தடுமாறின. மதர்போர்டுகள் பல, வாங்கினவரைக் கேளாமலே மின் வரம்பைத் தளர்த்தி வைத்திருந்ததும், சில்லே அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கோரியதும் வெளிப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் 0x129 என்ற திருத்தமும், உத்தரவாதத்துக்கு மேலும் இரண்டு ஆண்டும் இன்டெல் அளித்தது. ஏற்கனவே நலிந்த சில்லை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதால், அப்படிப்பட்ட சில்லு வைத்திருப்போர் பயாஸைப் புதுப்பித்த பின்னும் தடுமாற்றம் நீடித்தால், மாற்றித் தரும்படி கேட்பதே பரிகாரம்.

உரிமைக்கு வருவோம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாகவும், விற்றவர் வர்ணித்தபடியே இருப்பதாகவும் சட்டப்படி உத்தரவாதமுண்டு என்கிறது. ‘உத்தரவாதம் கிடையாது’ என்று ரசீதில் முத்திரை குத்துவதால் அது அற்றுப்போகாது. வாங்கியவரே முறைகேடாகப் பயன்படுத்திக் கெடுத்திருந்தால் தரம் பற்றிய பொறுப்பிலிருந்து விற்றவர் நீங்கிவிடுவார். ஆகையால் நாமே வேகத்தை ஏற்றிச் சில்லைப் பொசுக்கிவிட்டுக் கடையில் போய்ச் சண்டை பிடிப்பதில் நியாயமில்லை. தானாகவே வேகத்தைக் கூட்டும் ரேம் அமைப்பைக்கூட உற்பத்தியாளர்கள் ஓவர்கிளாக் என்றே கணக்கிடுகிறார்கள் என்பதைப் பலர் அறியார். ஆனால் ஏற்றியவர் கடைக்காரராயிருந்து, ஏற்றிய எண்ணையே காட்டி விற்றிருந்தால், அந்த எண் அவருடைய வாக்கு. 1990களில் குறைந்த வேகச் சில்லின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு உயர்ந்த எண்ணைப் பொறித்து விற்ற மோசடி வெளிநாடுகளில் நடந்ததுண்டு. தவுக்கே செய்தது அந்த அளவுக்கு இல்லையென்றாலும், அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான்.

கேட்டும் கடைக்காரர் இணங்காவிட்டால், திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்னும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் முதலாம் எண் பாரத்தை நிரப்பித் தர வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை என்பது தோட்டத்து மக்களுக்குப் பெரிய அனுகூலம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளாயிருக்க வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியது இதில் சேராது.

தவுக்கே எங்களைக் கண்டதும், “ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டருக்கு வாரண்டி இல்லை” என்றார். நான் வாதாடவில்லை; ரசீதையும், கைப்பேசிப் படங்களையும், பையனின் பயிற்சிப் புத்தகத்தையும் மேசைமேல் வரிசையாக வைத்து, நடுவர் மன்றத்துப் பாரத்தையும் பக்கத்தில் வைத்தேன். அவர் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். பிறகு ரசீதில் 5.1ஐ அடித்து 4.8 என்று எழுதி முத்திரையிட்டு, 300 ரிங்கிட்டைத் திருப்பித் தந்து, இன்னும் பெரியதொரு குளிர்விப்பானையும் மாட்டிவிட்டார். சிதைந்துபோன ஒப்படைப்பை மட்டும் யாராலும் மீட்க முடியவில்லை. பையன் அதை முதல் வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தான்.