பட்டியலில் ஒரு பெயர்

இடம்பெயர்ந்த எமக்குப் பட்டியல்கள் புதியவை அல்ல. நிவாரணப் பட்டியல், மீள்குடியேற்றப் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல் என்று கிராம சேவையாளரின் கதவில் ஒட்டப்படுவனவற்றில் எமது பெயர் விடுபட்டுப் போகுமோ என்று அஞ்சியே பழகிவிட்டோம். ஆனால் பெயர் இருந்தாலே துன்பம் என்ற பட்டியலும் உண்டு. அதனைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் சில ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. பயங்கரவாதத்துடன் தொடர்புடையவர் என நம்புவதற்கு நியாயமான காரணம் உண்டென்று கருதப்படுபவரின் பெயரை வர்த்தமானியில் வெளியிட இவை இடமளிக்கின்றன. அவரது பணமும் சொத்தும் முடக்கப்படலாம். பெயரை இடுவதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை. உரியவரை முன்கூட்டியே அழைத்து விசாரிப்பதுமில்லை.

2014 மார்ச்சில் 16 அமைப்புகளும் 424 பேரும் இவ்வாறு பட்டியலிடப்பட்டனர். ஆட்சி மாறிய பின், 2015 நவம்பரில் 8 அமைப்புகளும் 269 பேரும் நீக்கப்பட்டனர். 2021 பெப்ரவரியில் 7 அமைப்புகளும் 388 பேரும் மீண்டும் ஏறினர். 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளும் 316 பேரும் இறங்கினர். சான்றைப் பார்த்துப் பெயர் ஏறுகிறதா, காற்றடிக்கும் திசையைப் பார்த்தா என்று கேட்கத் தோன்றுகிறது. வன்முறைக்குப் பணம் போகாமல் தடுப்பது அரசின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை.

பட்டியலில் பலர் வெளிநாட்டில் வாழ்பவர்கள், எமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் தம்பி அனுப்பும் காசை நம்பிப் பயிர் செய்யும் குடும்பங்கள் எம்மிடையே எத்தனை! எமது பெயர்களோ தகப்பனின் முதலெழுத்தும் ஒரு சொல்லும்தான். ஒரே ஊரில் நான்கு சிவகுமார்கள் இருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்.

ஒரு சிறு பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததொன்றைச் சொல்வோம். அங்கு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த மலேசியப் பெண் றஹீனா இப்ராஹிம், 2005 ஜனவரியில் சன் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கைவிலங்கிடப்பட்டார். விமானத்தில் ஏற்றக்கூடாதோர் பட்டியலில் அவரது பெயர் இருந்தது. காரணம் என்ன? 2004இல் ஒரு புலனாய்வு உத்தியோகத்தர் படிவத்தின் அறிவுறுத்தலைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு, தவறான கட்டங்களில் குறியிட்டிருந்தார். அவ்வளவுதான்! அரசாங்கம் இரகசியம், இரகசியம் என்று வழக்கை இழுத்தது. உண்மை வெளிவந்தது 2013இல். 2014 ஜனவரியில்தான் நீதிபதி வில்லியம் அல்சப் தவறைத் திருத்துமாறு கட்டளையிட்டார்.

ஒருவன் சொல்வதைக் கேளாமல் அவனைத் தீர்ப்பிடலாமோ என்று யூத ஆலோசனைச் சங்கத்தில் நிக்கொதேமு எழுப்பிய கேள்வியும் இதுவே. சட்ட அறிஞர்கள் இதனை இயற்கை நீதி என்பார்கள். குற்றச்சாட்டு இன்னதென்று அறிவதும், பதில் சொல்ல இடம் பெறுவதும் இதில் அடங்கும்.

பெயர் ஒற்றுமையால் காசு தடைப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் காட்டுங்கள். வர்த்தமானியில் உள்ளவர் நீங்கள் அல்லர் என்பதை இவையே காட்டும். உண்மையில் உங்கள் பெயரே பட்டியலில் இருந்தால், நீக்கும்படி பாதுகாப்பு அமைச்சின் செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம்.

அரச அதிகாரிகளின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்யவேண்டும். கொழும்புக்குப் போக வசதியில்லையே என்று மனம் தளரவேண்டாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய இடங்களில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம், கட்டணம் இல்லை. கொடுக்கும்போது திகதியிட்ட பிரதியொன்றைக் கேட்டு வாங்கி, காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.