சண்டையைப் பாடமாக்கிய பள்ளிகள்

வட அயர்லாந்தில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்தே படிக்கிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் திருச்சபை சார்ந்த பள்ளி. புராட்டஸ்டன்ட் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அரசுப் பள்ளி. 1960களின் இறுதி முதல் 1998 அமைதி உடன்பாடு வரை நீடித்த வன்முறை 3,500க்கும் மேற்பட்டோரைக் காவு வாங்கியது. அதற்குப் பள்ளிகளைக் குற்றம் சொல்ல முடியாது. நாட்டுரிமை, வேலை, வீடு என்று வேர்கள் வேறு. ஆனால் எதிர்த்தரப்பில் ஒரு நண்பன்கூட இல்லாமலே ஒருவர் பள்ளிப் படிப்பை முடித்துவிட முடிந்தது.

இதை மாற்ற முதலில் முனைந்தவர்கள் பெற்றோர்தான். 1981இல் பெல்ஃபாஸ்ட் அருகே ஒரு சாரணர் கூடத்தில் 28 மாணவர்களோடு லாகன் காலேஜ் தொடங்கியது. பெயர்தான் காலேஜ், நடப்பது உயர்நிலைப் பள்ளி. அரசு நிதி 1984இல்தான் வந்தது. இரு தரப்புப் பிள்ளைகளும் ஏறக்குறைய சமமாகச் சேர வேண்டும் என்பது இத்தகைய கூட்டுப் பள்ளிகளின் நோக்கம். இவற்றை ஊக்குவிப்பதை 1989ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கடமையாக்கியது. இருந்தும் பத்தில் ஒரு பிள்ளைகூட இன்று இவற்றில் படிப்பதில்லை.

மற்றப் பள்ளிகளில் ‘பரஸ்பரப் புரிதலுக்கான கல்வி’ 1992 முதல் கட்டாயமானது. தனிப் பாடமாக அல்ல. எல்லாப் பாடங்களிலும் ஊடுருவ வேண்டிய கருப்பொருளாக. நடைமுறையில் அது பல இடங்களில் கூட்டுச் சுற்றுலாவாகச் சுருங்கியது. ஒரே பேருந்தில் போன பிள்ளைகள் தத்தம் கூட்டத்தோடே உட்கார்ந்து, அப்படியே திரும்பினார்கள். யார் மனமும் புண்படக் கூடாதென்று ஆசிரியர்களும் சிக்கலான பேச்சைத் தவிர்த்தார்கள். அந்த நாகரிகமான மௌனமே முயற்சியின் பெரிய பலவீனம்.

துணிந்து பேசிய வகுப்புகள் வேறு விதமானவை. 1916ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கத் தேசியவாதிகளுக்கு அது டப்ளினில் பிரிட்டனுக்கு எதிராக நடந்த ஈஸ்டர் எழுச்சியின் ஆண்டு. புராட்டஸ்டன்ட்களுக்கோ முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக அல்ஸ்டர் படைப்பிரிவினர் சோம் போர்க்களத்தில் மடிந்த ஆண்டு. வரலாற்று ஆசிரியர் இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தலாம். கடிதம், செய்தித்தாள், சுவரொட்டி என மூல ஆவணங்களை மேசையில் வைத்து, எழுதியது யார், யாருக்காக, எதை விட்டுவிட்டார் என்று கேட்கச் சொல்லலாம். அதே சோமில் கத்தோலிக்க அயர்லாந்துக்காரர்களும் பிரிட்டிஷ் சீருடையில் போரிட்டார்கள் என்ற செய்தி இரு தரப்பின் கதைக்குள்ளும் எளிதில் அடங்குவதில்லை. கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பும். இப்படிப்பட்ட வகுப்புக்கு முன்தயாரிப்பு தேவை: பேச்சு விதிகளை மாணவர்களே வகுப்பது, பேச விரும்பாதவரை வற்புறுத்தாமலிருப்பது, கொலையில் உறவினரை இழந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் உண்டா என்று முன்னரே அறிந்துகொள்வது.

பின்னர் வந்த ‘பகிர்வுக் கல்வி’க்கு 2016இல் சட்டம் பிறந்தது. பள்ளிகள் தனித்தனியே இயங்கும்; ஆனால் இரு பள்ளி மாணவர்களும் சில பாடங்களைத் தொடர்ந்து ஒன்றாகப் படிப்பார்கள். ஒருநாள் சுற்றுலாவைவிட இது உறுதியான வழி. பிரிவினை அப்படியே நிலைக்க இது சாக்காகிவிடும் என்ற கூட்டுப் பள்ளி ஆதரவாளர்களின் கவலையும் நியாயமானதே.

ஆசிரியர்களின் நிலையும் இந்தப் பிரிவினையில் சேரும். பெல்ஃபாஸ்டின் இரண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் செயின்ட் மேரீஸ் கத்தோலிக்க மரபு சார்ந்தது. ஸ்டிரான்மில்லிஸில் பயில்வோர் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் பின்னணியினர். வேலைக்கு எடுப்பதில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பள்ளி ஆசிரியர் நியமனத்துக்கு மட்டும் பல பத்தாண்டுகள் பொருந்தாமலே இருந்தது. அந்த விலக்கை நீக்கும் சட்டம் நிறைவேறியது 2022இல்தான்.