கொதிநீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும்!

பால் புட்டியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் போட்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். சுத்தம் என்றால் சுடுதண்ணீர் என்பது என் கையோடு ஊறிப்போன பாடம். அந்தப் பாடமே போன வருஷம் என் காலை வாரிவிட்ட கதையைக் கேளுங்களேன்!

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. பெரியவள் கல்லூரியில் படிக்கிறாள். முன்பல் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். போட்டோ என்றால் வாயை இறுக மூடிக்கொள்வாள். கம்பி கட்டிக்கொள்ளக் கூச்சம் என்றதால், பல் டாக்டரம்மா ‘அலைனர்’ போட்டுவிட்டார். கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறை. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் வந்த முறையாம் இது. ஒவ்வொரு ஜோடியும் பல்லைத் துளித் துளியாக நகர்த்தும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடுத்த ஜோடி. சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் இதற்குக் கட்டினோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். டப்பாவைத் திறந்து பார்த்தேன். உறையில் மஞ்சளாக ஒரு படலம், லேசாக ஒரு வாடை. ‘ராத்திரி பூரா இதை வாயிலேயா வைத்துக்கொள்கிறாள்!’ என்று மனசு கேட்கவில்லை. காபிக்குக் கொதித்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி அதில் அமிழ்த்திவிட்டேன்.

கால் மணி கழித்து வந்தாள். “அம்மா, இது பல்லுல ஏறவே மாட்டேங்குதும்மா!”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

“வெந்நீர்ல போட்டீங்களா? பிளாஸ்டிக்கைச் சூடாக்கித்தானேம்மா அந்த வடிவத்துக்கே கொண்டு வர்றாங்க. மறுபடி சூடு பட்டா நெளிஞ்சுடும். அழுத்திப் போடச் சொல்லாதீங்க. பழைய ஜோடி இருக்கா? அதைப் போட்டுக்கிட்டு நாளைக்கு வரச் சொல்லுங்க.”

புது உறைக்குத் தனியாகப் பணம். சிகிச்சையிலும் மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. “எனக்காகத்தானேம்மா செஞ்சே” என்றாள் பெண். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை, என்னைப்போல் சுத்தப் பைத்தியம் பிடித்த அம்மாக்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையைக் கழுவுங்கள். உறையைக் கழற்றியவுடன் பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். எச்சில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது. காலையிலும் இரவிலும், வாசனையும் நிறமும் இல்லாத திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டு, இதற்கென்றே வைத்த மெத்தென்ற பிரஷ்ஷால் உள்ளும் புறமும் மெதுவாகத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். பற்பசை, பல்பொடி வேண்டாம். அவை கண்ணுக்குத் தெரியாத கீறலை உண்டாக்கும். கீறலில் கறையும் கிருமியும் குடியேறும். டெட்டால், பிளீச்சிங் பவுடர், கலர் மவுத்வாஷ் எதுவும் கூடாது.

நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு என்பது தெரிந்ததுதானே? பக்கெட்டில் படிகிற அதே வெள்ளைப் படிவு உறையிலும் படியும். கடைசியாக ஒரு முறை குடிதண்ணீரில் அலசுங்கள். படிந்துவிட்டால், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து கால் மணி ஊறவைத்துக் கழுவலாம். அக்கினி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்குமே, அந்த நேரத்தில் குழாயை நம்பாதீர்கள். வெயிலில் காய வைப்பதும் வேண்டாம்.

ஊறவைக்க மாத்திரைகள் விற்கிறார்கள். டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் உள்ள பெர்சல்பேட் என்ற ரசாயனம் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2008-ல் எச்சரித்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவே கூடாது. ஊறிய உறையையும் நன்றாக அலசிவிட்டே போட வேண்டும்.

சாம்பார் சாதமோ காபியோ, உறையைக் கழற்றிவிட்டுத்தான். அதோடு குடிக்கச் சாதாரணத் தண்ணீர் மட்டுமே சரி. சாப்பிட்டபின் பல் விளக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் இனிப்பும் மாவும் உறைக்குள் அடைபட்டுப் பல் சொத்தையாகும். கழற்றியதைப் பேப்பரில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும், டப்பாவே கதி. அந்த டப்பாவையும் தினம் கழுவிக் காய வையுங்கள். முந்தைய ஜோடியைத் தூக்கி எறியாதீர்கள். எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். போட்டோவில் என் பெண் பல் தெரியச் சிரித்திருக்கிறாள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பால் புட்டிக்குக் கொதிநீர், பல் உறைக்குப் பச்சைத் தண்ணீர். இரண்டையும் மாற்றிவிடாதீர்கள், சகோதரிகளே!