தவறைப் பார்த்துப் பாடம் நடத்தும் கணினி: பெற்றோர் அறிய வேண்டியவை

பிளஸ் டூ முடித்த பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்பட்டால், வத்திராயிருப்பு போன்ற ஊர்களில் பெற்றோர் முதலில் யோசிப்பது பஸ்ஸையும் ஹாஸ்டலையும்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ தினமும் போய்வர முடியாத பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஆன்லைன் படிப்பு நல்ல வழி. ஆனால் எல்லா ஆன்லைன் படிப்பும் ஒன்றல்ல.

எப்படி இயங்குகிறது?

வெறும் வீடியோ எல்லோருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்தும். ‘அடாப்டிவ்’ முறையோ மாணவரின் விடையைப் பார்த்து அடுத்த பயிற்சியைத் தீர்மானிக்கும். 1980களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆண்டர்சன் குழுவினர், லிஸ்ப் என்ற புரோகிராமிங் மொழிக்கு இப்படியொரு மென்பொருளை உருவாக்கினர். ஒவ்வொரு விதியும் மாணவருக்குப் புரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது கணக்கிடும். சரியான விடைக்கு அந்த மதிப்பு ஏறும், தவறுக்கு இறங்கும். 95 சதவீதத்தைத் தொடும்வரை அதே வகைப் பயிற்சி தொடரும்.

உதாரணமாக, பைத்தானில் 1 முதல் 10 வரை அச்சிட ‘ரேஞ்ச்(1, 10)’ என்று எழுதினால் 9 வரைதான் வரும். கடைசி எண் சேராது என்பது பிள்ளைக்குப் புரியவில்லை என்று கணினி அறிந்து, அதையே வேறு வேறு கணக்குகளில் கேட்கும்.

எங்கே படிக்கலாம்?

சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில் பாடங்கள் ஆன்லைனில். தேர்வுகள் நேரடி மையங்களில். ஜேஇஇ கட்டாயமில்லை. நான்கு வாரப் பாடத்துக்குப் பின் தகுதித் தேர்வு உண்டு. இது முழு அடாப்டிவ் முறை அல்ல. ஆனால் புரோகிராமைக் கணினியே சோதித்துச் சொல்லும். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் என்பதை மாணவரே முடிவு செய்யலாம். சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் எனப் படிப்படியாக வெளியேறவும் முடியும். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை இருப்பதால், சாதி, வருமானச் சான்றிதழ்களைத் தயாராக வையுங்கள்.

முதலில் பழகிப் பார்க்க, மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

பெற்றோர் கவனத்துக்கு

விடையை எங்கிருந்தோ காப்பியடித்தால், பிள்ளைக்குத் தெரியும் என்றே கணினி நம்பிவிடும். அடுத்தடுத்த பாடங்கள் புரியாமலே போகும். எனவே மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள். ‘இன்று எங்கே தப்பு வந்தது, எப்படிச் சரிசெய்தாய்?’ என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளை பதில் சொன்னால் படிப்பு நடக்கிறது என்று பொருள்.